மெடோஹால் மால்: அங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

இங்கிலாந்துல, ஷெஃபீல்டுல இருந்தவங்க யாரும் மெடோஹால் போகாம இருந்திருக்க மாட்டீங்க. நான் மாஸ்டர்ஸ் படிக்கறப்போ சனி ஞாயிறு அங்க ஒரு துணிக்கடைல பார்ட் டைம். ட்ரையல் ரூம்ல கழட்டிப் போட்டதெல்லாம் எடுத்து மடிச்சு திரும்ப மாட்டணும், சாயங்காலம் ஆனா கால் ரெண்டும் கெஞ்சும். அரை மணி நேர ப்ரேக்ல டப்பாவ எடுத்துக்கிட்டு ஒரு வெண்கலச் சிலை பக்கத்துல போய் உக்காந்துருவேன். உருக்கின எஃகை அச்சுல ஊத்தற தொழிலாளிங்க சிலை, 'டீமிங்'னு பேரு, ராபின் பெல் செஞ்சது. ரெண்டு மாசம் அது பக்கத்துலயே எலுமிச்சம் சாதம் சாப்ட்ருக்கேன், ஒரு நாள் கூட நிமிந்து ஒழுங்கா பாத்ததில்ல.

ஒரு சனிக்கிழமை பெரியவர் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து, "அவன் கால்ல என்ன சுத்தியிருக்கு தெரியுமா லவ்"னு கேட்டார். (அந்த ஊர்ல ஆம்பளைங்களே ஆம்பளைங்கள லவ்னுதான் கூப்பிடுவாங்க, மொதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் அது இல்லன்னா வெறுமையா இருக்கும்.) நனைச்ச சாக்காம். அனல் தாங்காதுன்னு சாக்க தண்ணில முக்கி கால்ல கட்டிக்கிட்டுதான் எஃகு உருக்கின மண் குடுவைய இடுக்கியால தூக்கி ஊத்துவாங்களாம். அந்தக் குடுவைக்கு களிமண்ண வெறுங்காலால மணிக்கணக்கா மிதிப்பாங்களாம், சின்னக் கல்லு ஒண்ணு தங்குனா கூட காலுக்குத் தெரிஞ்சிரும்னு. அவங்க தாத்தா பாத்த வேலைன்னார்.

அவர் வேலை பாத்தது ஹாட்ஃபீல்ட்ஸ்ங்கற எஃகு கம்பெனில, ஈஸ்ட் ஹெக்லா ஒர்க்ஸ்னு அதோட ஆலை. அது எங்கன்னு கேட்டேன். கைய கீழ காட்டுனார், இங்கதான்.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போய் தூங்காம படிச்சேன். ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882ல மாங்கனீஸ் எஃகு கண்டுபிடிச்சவர், அடி விழ விழ இறுகற எஃகு, அதனாலதான் டிராம் தண்டவாளம் பிரியற எடத்துக்கெல்லாம் அத போட்டாங்க, மொத உலகப் போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க தலைல இருந்த ஹெல்மெட்டும் அதே எஃகுதான். 1980 எஃகு ஸ்ட்ரைக்ல பிப்ரவரி 14 அன்னைக்கு சுரங்கத் தொழிலாளிங்களும் சேந்து வந்து இதே ஆலையோட வாசல் கேட்ட மறிச்சிருக்காங்க. 1983ல கம்பெனி மூடியாச்சு. 1990 செப்டம்பர் 4 மால் திறந்தாச்சு.

அவர் சொன்னதுல ஒண்ணு இன்னும் மனசுல நிக்குது. மால் திறந்த புதுசுல வந்தப்போ தான் நின்னு வேலை பாத்த எடம் எதுன்னு அவருக்கே தெரியலையாம். சுத்திச் சுத்தி வந்துட்டு கடைசில வெளிய போய் டான் ஆத்தங்கரைல நின்னு, அங்கருந்து எத்தன அடின்னு நடந்து வந்து கண்டுபிடிச்சாராம். ஆறு மட்டும்தான் எடம் மாறலன்னார்.

•

நீங்க ஆறுன்னு சொன்னதும் எனக்கு 2007 ஜூன் 25தான். அப்போ நான் அங்க கஃபேல இருந்தேன். காலைலருந்து விடாத மழை, மத்தியானம் பாத்தா டான் கரைய தாண்டிருச்சு. எங்க மேனேஜர் கல்லாவ முடிச்சுட்டு போங்கன்னு நிறுத்தி வச்சுட்டார், அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல, ஏன்னா வெளிய வந்தப்போ ரோடே இல்ல. பக்கத்துல பிரைட்சைட் லேன்ல கூரை மேல ஏறி நின்னவங்கள ஹெலிகாப்டர்ல தூக்குனாங்க. ஷெஃபீல்டுல ரெண்டு உயிர் போச்சு அன்னைக்கு. கீழ்த்தள கடைங்க சிலது திறக்க மாசக்கணக்கு ஆச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் அடிச்ச சேத்து வாடை, எவ்ளோ கழுவியும் போகல.

•

நான் 1994ல வந்தவன், சூப்பர்டிராம்னு ஊர் டிராம் மெடோஹாலுக்கு ஓட ஆரம்பிச்ச வருஷம். அப்பவே ஊர்க்காரங்க அத 'மெடோஹெல்'னுதான் சொல்வாங்க, ஹெல்னா நரகம். காரணம் இருக்கு. எம்1 ரோட்டுல எறங்குனா வாசல்ல மால், ஆயிரக்கணக்குல கார் நிறுத்தலாம், காசு கிடையாது, மழை நனையாது. டவுனுக்குள்ள போனா பார்க்கிங்குக்கு காசு. அப்புறம் யார் டவுனுக்கு வருவா? தி மூர் தெருல கடை கடையா ஷட்டர் எறங்குனத நான் பாத்துட்டே இருந்தேன். எங்களுக்கு மீனுன்னா காசில் மார்க்கெட்தான், கானாங்கெளுத்தி வாங்கப் போனா தலைய வெட்டட்டுமா வேணாமான்னு கேக்காமலே தலையோட குடுப்பார் அந்தக் கடைக்காரர், குழம்புக்குன்னு அவருக்குத் தெரியும். 2013ல அதையும் மூடிட்டாங்க. தி மூர்ல புது மார்க்கெட் வந்துச்சு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கடைக்காரர் வரல. மால் வந்ததாலதான் எல்லாம் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், எஃகு வேலை போனப்பவே கைல காசு போயிருச்சு. ஆனா மிச்சம் இருந்தத அதுதான் இழுத்துச்சு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இன்னொண்ணு, பழைய கரண்ட் ஸ்டேஷனோட டின்ஸ்லி கூலிங் டவர் ரெண்ட யாராச்சும் பாத்திருக்கீங்களா? மால் பக்கத்துல, எம்1 பாலத்த ஒட்டி நிக்கும். லண்டன்லருந்து ராத்திரி கார் ஓட்டிட்டு வரப்போ அது கண்ணுல பட்டா வீடு வந்துருச்சுன்னு பின் சீட்ல புள்ளைங்க எழுந்து உக்காரும். 2008 ஆகஸ்ட் 24 விடியக்காலை மூணு மணிக்கு வெடி வச்சு எறக்குனாங்க. சின்னவள தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு கூட்டத்தோட தூரத்துல நின்னோம். மொதல்ல வெளிச்சம், அப்புறம்தான் சத்தம். அவ "அப்பா இனிமே வீடு வந்தது எப்படித் தெரியும்"னு கேட்டா.