தூக்க மாத்திரை கேட்டு வருபவர்களை எங்கே அனுப்புகிறீர்கள்? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

மெடிக்கல் கடைக்காரர், பாளையங்கோட்டை:

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, ஏதாவது மாத்திரை கொடுங்க" என்று யாரும் வந்து நிற்காத நாள் எங்கள் கடையில் அபூர்வம். ஆல்பிரசோலம், சோல்பிடெம், டயஸிபாம் என்று தூக்கம் வரவைக்கிற மாத்திரைகள் எல்லாம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் வருபவை. சீட்டு வேண்டும். எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் சரிதான். ஆனால் "சீட்டு இல்லாம தர முடியாது" என்பதோடு நிறுத்திக்கொண்டால், அந்த ஆள் வேறு கடையில் அரிப்புக்கோ சளிக்கோ கொடுக்கிற மாத்திரையை வாங்கி, தூக்கம் வருகிறது என்று தினமும் போட ஆரம்பித்துவிடுவார். வயதானவர்களுக்கு அதில் புத்தி தடுமாறும், சிறுநீர் அடைக்கும், ராத்திரி எழுந்து போகையில் விழுவார்கள். அதனால் ஆளை நிறுத்தி நாலு கேள்வி கேட்டுவிடுவேன்.

ஒரு பீடி சுற்றும் அக்கா. "படுத்தா காலுக்குள்ள பூச்சி ஊருது அண்ணாச்சி. ஆட்டிக்கிட்டே இருக்கணும். எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா கேக்கும், திரும்பப் படுத்தா அதே கதைதான்." நகம் வெளுத்திருந்தது, உதட்டில் ரத்தமே இல்லை. பில் போடும் என் மனைவி தனியே கூப்பிட்டு விசாரித்தாள். மாதாமாதம் போக்கு மிக அதிகம், யாரிடமும் சொன்னதில்லை. இரும்புச்சத்து குறைந்தால் இப்படிக் கால் படுத்தும். இங்கே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். கால் விஷயத்தையும் போக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம். ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்து, போக்குக்கும் வைத்தியம் பண்ணி, இரும்புச்சத்து கொடுத்தார்கள். தூக்க மாத்திரை ஒன்றுகூட எழுதவில்லை. சில மாதத்தில் கால் அடங்கியது, தூக்கமும் வந்தது.

இன்னொருவர் வேன் ஓட்டுபவர். ராத்திரி பத்து தடவை முழிப்பு வருகிறது என்றார். மருந்து எடுத்துத் திரும்புவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிக் குறட்டை விட்டார். கூட வந்த அவர் மனைவியிடம் "குறட்டை நடுவுல மூச்சு நிக்குதா?" என்று கேட்டேன். "ஆமா, நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார். இவர் தூக்க மாத்திரை போட்டால் மூச்சுத் திணறல் இன்னும் கூடலாம். நுரையீரல் டாக்டரைப் பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லி அனுப்பினேன். இப்போது சிபாப் மெஷின் (மூச்சுப் பாதை அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) வைத்துத் தூங்குகிறார். பரிசோதனை முடிகிறவரை வேனை ஓட்டாதீர்கள் என்று அன்று கண்டிப்பாகச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

நீர் பிரிய எழுதிய மாத்திரையை ராத்திரி போட்டுவிட்டு நாலு முறை எழுந்து போகிறவர்களும் உண்டு. டாக்டரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டாலே சரியாகிவிடும்.

எனக்குக் கஷ்டமே மனநலப் பிரிவுக்கு அனுப்புவதுதான். விடிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு அப்புறம் தூங்காதவர், சாப்பாடு இறங்காதவர், பேச்சுக் குறைந்தவர் வந்தால் "வாழ்க்கை வெறுத்த மாதிரி இருக்கா?" என்று நேராகவே கேட்கிறேன். கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆனால் "மனநலம்" என்றதும் "நான் என்ன பைத்தியமா?" என்பார்கள். "தூக்கத்துக்கும் அவங்கதான் டாக்டர்" என்று சொன்னால் பலர் போகிறார்கள். உடனே போக முடியாதவர்களுக்கு அரசின் மனநல உதவி லைனான டெலி மானஸ் எண் 14416-ஐ அவர்கள் போனிலேயே போட்டுக் கொடுக்கிறேன். காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் பக்கம்:

பிள்ளை பெற்றவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். பிரசவமாகி ஒரு வாரம் ஆன வீட்டுக்குப் போயிருந்தேன். "தூக்கமே இல்ல சிஸ்டர், ஒரு மாத்திரை இருந்தா குடுங்க" என்று மாமியார் கேட்டார். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் யார்தான் தூங்குவார்கள் என்று எல்லோரும் நினைப்போம். நான் அந்தப் பெண்ணிடம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: "கொழந்த தூங்குறப்போ நீ தூங்குறியாம்மா?" இல்லை என்றாள். மூன்று ராத்திரியாகக் கண் மூடவில்லை, ஆனால் களைப்பே தெரியவில்லை. பேச்சு படபடவென்று வந்தது. பிள்ளையை யாரும் தொடக்கூடாது, பாலில் எதையோ கலக்கிறார்கள் என்றாள்.

இது தூக்கப் பிரச்சினை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் கடுமையான மனநோய். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்றார். "மந்திரிக்கிறத அப்புறம் வெச்சுக்கலாம்மா, இப்போ வண்டி வருது" என்று சொல்லி 108-ஐக் கூப்பிட்டு, நானும் ஏறிப் போய் மெடிக்கல் காலேஜில் சேர்த்தேன். ஓபி சீட்டில் "தூக்கமின்மை" என்று மட்டும் எழுதப் போனார்கள். வீட்டில் அவள் சொன்னதையும் எழுத வைத்தேன். அந்த ஒரு வரி இருந்ததால்தான் அன்றைக்கே மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். நன்றாகக் குணமாகிவிட்டாள். பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது.

ஆசிரியை, கோவை:

நான் மாத்திரை வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா இறந்த சமயத்தில் ஆல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அது 0.5 ஆகிப் பல வருஷம் ஓடியது. அளவைக் கூட்டிய டாக்டர்கள் உண்டு, பட்டென்று நிறுத்தச் சொன்னவரும் உண்டு. "எப்படிப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு இன்றும் கோபம்தான். தினமும் போட்டுப் பழகிய இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம்.

கடைசியாகப் பார்த்த மனநல மருத்துவர்தான் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கூடவே சிபிடி-ஐ என்ற, மாத்திரை இல்லாமல் தூக்கப் பழக்கத்தையும் எண்ணங்களையும் மாற்றும் பயிற்சிக்காகக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். வாரத்தில் 3 நாளாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. எனக்கு அந்தப் பெயரே அதுவரை தெரியாது.

எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று, அவர்கள் தினமும் எழுதச் சொன்ன தூக்கக் குறிப்பேட்டில் தெரிந்தது. அதனால் ராத்திரி 12 மணிக்குப் படுத்து 5:30-க்கு எழ வேண்டும், பகலில் கண் அசரக்கூடாது. தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் வேறு அறையில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போதுதான் திரும்ப வர வேண்டும். முதல் வாரம் நரகம். பேப்பர் திருத்த முடியவில்லை, ஸ்கூட்டியைத் தொடவில்லை. அப்புறம் படுத்ததும் தூக்கம் வர ஆரம்பித்தது. நேரத்தை 15 நிமிஷம், 15 நிமிஷமாக நீட்டினார்கள். வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்கள் இதைத் தாங்களாக வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

மெடிக்கல் கடைக்காரர், பாளையங்கோட்டை:

டீச்சர், அந்தக் குறிப்பேட்டில் என்னென்ன எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா? ஒரு பக்கம் அடித்து வைத்துக்கொண்டால் டாக்டரிடம் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

ஆசிரியை, கோவை:

படுத்த நேரம், தூங்க எவ்வளவு நேரமானது, எத்தனை முறை முழிப்பு, கடைசியாக எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி டீ எத்தனை, போட்ட மாத்திரை. காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது, அதை மட்டும் மேலே கொட்டை எழுத்தில் போடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் எழுதிக்கொண்டு போகட்டும்.