பழைய சவரக்கத்திக் கல்லில் 40 தடவை தேய்த்தும் கத்தி பிடுங்குகிறது, தப்பு கல்லிலா கையிலா?

மடக்குக்கத்தி:
வணக்கம். மடக்குக் கத்தியில் சவரம் செய்ய ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை கத்தி மழுங்கினால் தெரிந்தவரிடம் கொடுத்துத்தான் தீட்டி வாங்குவேன். போன மாதம் பழைய சாமான்கள் நடுவே ஒரு தகரப் பெட்டி கிடைத்தது, உள்ளே 3 கல். மூன்றும் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒன்று ஸ்வாட்டி கம்பெனிக் கல், ஒரு பக்கத்தில் 3 வரி எழுத்து பொறித்திருக்கிறது. இன்னொன்று கார்போரண்டம் கம்பெனிக் கல், அதன் அட்டைப் பெட்டியும் உள்ளே மடித்து வைத்த காகிதமும்கூட அப்படியே இருக்கின்றன. மூன்றாவது கறுப்பு, பெயர் கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு.

ஆசை தாங்காமல் ஸ்வாட்டியில் தண்ணீர் விட்டு 40 தடவை போட்டேன். கட்டைவிரலில் தடவிப் பார்த்தபோது பயங்கரக் கூர், மனசுக்குள் சந்தோஷம். கன்னத்தில் முதல் இழுப்பு வழுக்கிக்கொண்டு போனது, மூன்றாவதில் முடியைப் பிடுங்க ஆரம்பித்தது, தாடைக்குக் கீழே வந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கல்லைச் சமப்படுத்த வேண்டுமா? சமப்படுத்தினால் எழுத்து போய்விடாதா? கார்போரண்டத்தைப் பயன்படுத்தலாமா, பெட்டியோடு பத்திரமாக வைத்துவிடலாமா?

பழங்கல்:
40 தடவையா! விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்த மாதிரிக் கல்லெல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை முடிதிருத்துகிறவர்களுக்காகவே செய்தவை. நாள் முழுக்க ஒரே கத்தியில் வேலை பார்க்கிறவருக்குக் கூர் லேசாக இறங்கும்போது 3 தடவை, மிஞ்சினால் 5 தடவை, அப்புறம் தோல்வார் (கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்குகிற தோல் பட்டை), அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த அவசரத்துக்குத்தான் கல்லை வேகமாக அறுக்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

அதில் 40 போட்டால் என்ன ஆகும்? விளிம்பில் இருக்கிற இரும்பு மெலிந்து மெலிந்து, தாங்க ஆள் இல்லாமல் ஜரிகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். விரலுக்குக் கூராகத்தான் தெரியும், தாடி முடியில் பட்டதும் மடங்கும், இல்லை பொடிப்பொடியாக உடையும். முதல் இழுப்பு நன்றாக இருந்து மூன்றாவதில் பிடுங்கியது அதனால்தான். முதலில் முதுகு (கூருக்கு எதிரே இருக்கிற தடித்த பக்கம்) முன்னால் போகிற மாதிரி, அதாவது தோல்வாரில் இழுக்கிற திசையில், கல்லின் மேல் 4, 5 தடவை இழுத்து அந்த ஜரிகையைக் கழற்றுங்கள். பிறகு விளிம்பு முன்னால் போக 3 தடவை. கையால் அழுத்தவே கூடாது, கத்தியின் எடை மட்டும் போதும், முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படிந்திருக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் சவர நுரையைத் தடவிப் பாருங்கள், கல்லின் கடுமை கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்று, கத்தியின் விளிம்பு கல்லின் அகலத்தைவிட நீளம். நேராகத் தள்ளினால் ஒரு பகுதி கல்லைத் தொடாமலே போகும். கைப்பிடிப் பக்கத்தில் ஆரம்பித்து நுனியில் முடிகிற மாதிரி சாய்வாகத் தள்ளுங்கள்.

தோல்வார்:
எண்ணிக்கை விஷயத்தில் பழங்கல் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் கல்லைப் பார்க்காமல் கையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பழைய கல் கீழே விழாமல் இத்தனை வருஷம் வந்திருக்காது. நகத்தை ஓரம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது தட்டுகிறதா? பள்ளமாக இருக்கிற கீறல் பெரிய கேடு செய்யாது, துருத்திக்கொண்டு நிற்பதுதான் கத்தியைக் கெடுக்கும். நான் முதலில் வாங்கிய கல்லில் மூலை உடைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அழகான கத்தி ஒன்றில் கண்ணுக்குத் தெரிகிற பல் விழுந்துவிட்டது, அதை எடுக்க 1000 நம்பர் சொரசொரப்புக் கல்லில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். (அந்த வேலைக்கு உங்கள் ஸ்வாட்டி உதவாது. மழுங்கி உருண்டுபோன கத்திக்கும் உதவாது. இருக்கிற கூரைப் புதுப்பிக்கத்தான் அது.)

சமப்படுத்த: எழுத்து இல்லாத பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தடிமனான கண்ணாடி மேல் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் ஓட ஓடத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நல்லதில்லை. கல் கல்லாகவே இருக்கும், கை வலிக்கும், கோடு முழுக்க அழிகிற வரை விடக் கூடாது. 400 நம்பர் பேப்பரில் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு கடினமான கல்லில் மேற்பரப்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அறுக்கும், அதனால் 600, 1000, முடிந்தால் 2000 என்று இன்னும் நைசான பேப்பர் வரை போய்விட்டு 4 ஓரத்தையும் லேசாக மழுக்குங்கள்.

பெட்டிக்காரன்:
கார்போரண்டத்தில் தயவுசெய்து வாட்டர் பேப்பரை வைக்காதீர்கள்! கல் எத்தனையோ கிடைக்கும், பெட்டியும் காகிதமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அந்தக் கம்பெனியின் கதையே ருசியானது. எட்வர்ட் அச்செசன் 1891இல் செயற்கை வைரம் செய்யப் போய், கிடைத்தது சிலிக்கான் கார்பைடு. மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்று 1895இல் நயாகரா அருவிப் பக்கம் தொழிற்சாலையைக் கொண்டுபோனார்கள். ஸ்வாட்டி இன்னும் பழையது, 1879இல் மார்பர்கில் தொடங்கியது, இன்றைக்கு ஸ்லோவேனியாவில் மாரிபோர் என்கிற ஊர். சேகரிக்கிறவர்கள் 3 வரி ஸ்வாட்டி என்று தனியாகவே தேடுவார்கள், உங்களுக்குத் தானாக வந்திருக்கிறது.

பழங்கல்:
சரி, பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், காகிதத்தையும் வையுங்கள். கல்லுக்கும் சேர்த்துக் கோயில் கட்ட வேண்டுமா என்ன? முகம் வழிக்கச் செய்த பொருள். சமமாக இருந்தால் ஒன்றும் தேய்க்காமல் அப்படியே 3 தடவை போட்டுப் பார்க்கட்டும், அதில் எதுவும் தேயப் போவதில்லை.

பெட்டிக்காரன்:
நுரை காய்ந்த கறையோடு வருகிற பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் அண்ணே. அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

தோல்வார்:
உங்கள் இருவர் சண்டை ஓயாது. கேட்டவருக்கு: அந்தக் கறுப்புக் கல்லைக் கத்தி பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது தச்சருடைய எண்ணெய்க் கல்லாகக்கூட இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, மிதக்கிற எண்ணெயை ஊற்றிவிட்டு மறுபடி போடுங்கள். காயவைக்கிறேன் என்று நெருப்பில் காட்டிவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும். சுத்தமானதும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மனிதர் செய்த கல்லில் மணிகள் ஒரே சீராகத் தெரியும், மண்ணிலிருந்து வெட்டியதில் பெரும்பாலும் ரேகையோ புள்ளியோ எங்காவது இருக்கும்.

மடக்குக்கத்தி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்வாட்டியில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒரு மூலைக்குப் பக்கத்தில் மண் துகள் மாதிரி ஒன்று தட்டியது, அப்போதே முகம் வாடிவிட்டது. பின்பக்கத்தைச் சமப்படுத்த 2 சாயங்காலம் ஆனது. நடுவில் பென்சில் கோடு கடைசி வரை பிடிவாதமாக நின்றது, அவ்வளவு குழி. முதுகு முன்னால் 5 தடவை, பிறகு நுரை தடவி 4 தடவை, தோல்வாரில் 50. இன்று காலை கன்னம், மோவாய் எல்லாம் சுத்தம், வலது தாடைக்குக் கீழே மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் அது என் கையென்று நினைக்கிறேன். கார்போரண்டத்தை இப்போதைக்குத் தொடவில்லை, பெட்டிக்காரன் சார் நிம்மதியாகத் தூங்கலாம்.

கறுப்புக் கல் 3 நாளாக சோப்புத் தண்ணீரில் கிடக்கிறது. பிசுக்கு போகப் போக ஒரு பக்கத்தில் 2 எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?

பெட்டிக்காரன்:
வேண்டாம்! பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்து முதலில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.