எச்சுக்கா பேடில் ஸ்டீமர்: மேல்தளத்தில் உட்காராதீங்க

ஊர்ல இருந்து பெரியவங்க வந்தா மெல்போர்ன்காரங்க கூட்டிட்டுப் போறது கிரேட் ஓஷன் ரோடு, இல்லேன்னா பெங்குவின் பரேடு. எச்சுக்காங்கிற ஊர்ப் பேரை யாரும் எடுக்கிறதில்லை. வடக்கே இருநூறு கிலோமீட்டர் சொச்சம். காலையில கிளம்பினா மர்ரே ஆத்துல ஒரு மணி நேரம் பேடில் ஸ்டீமர்ல, அதாவது பக்கத்துல சக்கரம் சுத்தி ஓடுற நீராவிப் படகுல, சுத்திட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்துரலாம். மாமியாரைக் கூட்டிட்டுப் போனதுல தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

முதல்ல, டிக்கெட் எடுக்கும்போது படகோட பேருக்கு முன்னால என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. பி.எஸ்.னு இருந்தா நீராவி. பி.வி.னு மட்டும் போட்டிருந்தா சக்கரம் சுத்தும், ஆனா சுத்துறது பெரும்பாலும் டீசலாத்தான் இருக்கும். ரெண்டும் ஒண்ணில்லை. 1866-ல கட்டின அடிலெய்டு இன்னும் அங்கதான் மிதக்குது. நாங்க ஏறினது பெவன்சி. 1911-ல இருந்து பேடில் ஸ்டீமர், அதுக்கு முன்னால வேற படகு இழுத்துட்டுப் போற வெறும் சரக்குப் படகு.

ஏறின உடனே எல்லாரும் காத்து வாங்க மேல ஓடுவாங்க. ஓடாதீங்க. கீழ, படகோட நடுவுல, எஞ்சின் மறைவே இல்லாம திறந்து கிடக்கு. பக்கத்துல நின்னுக்கலாம். ஒருத்தர் அடுப்புக் கதவைத் திறந்து ரெட் கம்ங்கிற யூகலிப்டஸ் மரக்கட்டையை உள்ள தள்றார்; திறக்கிற ரெண்டு விநாடியில முகத்துல அடிக்கிற அனல் இருக்கே! கதவை மூடிட்டு பிரஷர் கேஜை ஒரு பார்வை, எண்ணெய்க் கேனோட மூக்கைப் பித்தளைக் கிண்ணத்துல வச்சு ரெண்டு சொட்டு, மறுபடி கட்டை. பக்கத்துல அடுக்கி வச்சிருந்த விறகைப் பாத்துட்டு எங்க அத்தை, "இதுல ஒரு கல்யாணத்துக்கே சமைச்சிரலாமே மாப்பிள்ளை"ன்னாங்க.

நான் எதிர்பாக்காதது சத்தம் இல்லாததுதான். ஊதுகுழல் அடிக்கும்போது குழந்தைங்க காதைப் பொத்திக்கும், அது வேற. ஓடும்போது டீசல் படகு மாதிரி கால் வழியா ஏறுற அதிர்வு கிடையாது. கிராங்க் தண்டு ஏறி இறங்குறது கண்ணுக்குத் தெரியுது, காதுல விழுறது ரெண்டு பக்கமும் பலகை தண்ணியை அறையிற சளப் சளப் மட்டும்தான்.

எதுக்கு இந்தச் சக்கரம்னு கேட்டா, ஆறுதான் காரணம். பல இடத்துல ஆழம் கம்மி, அடியில விழுந்து கிடக்கிற ரெட் கம் மரங்கள் வேற. கீழ புரொப்பெல்லர் வச்சா முதல்ல அடிபடுறது அதுதான். தட்டையான அடிப்பாகம், பக்கத்துல சக்கரம்னு வச்சதால கம்மித் தண்ணியிலயும் போக முடிஞ்சுது. மர்ரேயில நீராவிப் படகு வந்தது 1853-ல. முதல் படகு மேரி ஆன்ல பாய்லர் சதுரமா இருந்து, அழுத்தத்துல புடைக்க ஆரம்பிச்சதும் சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டினாங்களாம். அதுல ஏறினவங்க தைரியத்தை என்ன சொல்ல!

1864-ல மெல்போர்ன்ல இருந்து ரயில் வந்து சேர்ந்ததும் எச்சுக்கா பெரிய துறைமுகம் ஆயிருச்சு. உள்நாட்டுப் பண்ணைகள்ல இருந்து கம்பளி மூட்டை படகுல வரும், இங்க ரயில்ல ஏறும். அதுக்காகக் கட்டின மரத்துறை ஒரு காலத்துல 332 மீட்டர் நீளம். இன்னிக்கு மிஞ்சியிருக்கிறது ஒரு பகுதிதான். ஆத்து மட்டம் ஏறி இறங்குறதுக்கு ஏத்தபடி அதை அடுக்கடுக்கா கட்டியிருக்காங்க. அப்புறம் ரயில் மத்த ஊருக்கும் போயிருச்சு; படகுக்கு வேலை இல்லாமப் போச்சு. வளர்த்துவிட்டதும் ரயில், கவுத்ததும் ரயில்.

இன்னொரு வேடிக்கை. ரெண்டு மாநிலத்துக்கும் எல்லை ஆத்தோட நடுவுல இல்லை, தென்கரை உச்சியில. அதனால விக்டோரியாவுல நின்னு படகுல கால் வச்சா நியூ சவுத் வேல்ஸ். தூண்டில் போடணும்னாலும் அந்த மாநில லைசென்ஸ்தான்.

காட்சின்னு பெருசா ஒண்ணும் இல்லை. கலங்கின தண்ணி, வேர் தொங்குற கரை, மரம், திரும்ப மரம். ஜனவரியில போனா பாய்லர் பக்கத்துல நிக்க முடியாது, ஏப்ரல் மே நல்லா இருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், கரி விழும். முட்டி வலி உள்ளவங்க ஏறுற இடத்துல எத்தனை படின்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

◆

இதே மாதிரி அமெரிக்காவுல, நியூ ஆர்லியன்ஸ்ல நாட்செஸ்ங்கிற நீராவிப் படகுல நான் போயிருக்கேன். அதுல சக்கரம் பின்னாடி ஒண்ணே ஒண்ணு, சிவப்புல, மாடி வீட்டு உசரம். படகு 1975-ல கட்டினது, ஆனா எஞ்சின் 1925-ஆம் வருஷத்தது, கிளேர்ட்டன்னு ஒரு பழைய இழுவைக் கப்பல்ல இருந்து எடுத்துப் பொருத்தினது. எஞ்சின் ரூமுக்குள்ள விடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மொட்டைத் தளத்துல நீராவியால ஒரு ஆர்கன் வாசிப்பாங்க, பிரெஞ்ச் குவார்ட்டர் தெருவுல நின்னாலே கேக்கும். சுருதியை மட்டும் எதிர்பாக்காதீங்க. மிசிசிப்பியில வழி முழுக்க சர்க்கரை ஆலை, கப்பல், கிரேன். பச்சைப்பசேல்னு நினைச்சுப் போனா ஏமாந்துருவீங்க. எனக்கு அந்த ஆறு வேலை செய்யுறதைப் பாக்குறதே பிடிச்சிருந்துச்சு.

◆

ஐரோப்பாப் பக்கம் போறவங்க ஜெர்மனியில இருக்கிற டிரெஸ்டனை விட்டுறாதீங்க. எல்பே ஆத்துல 1879-க்கும் 1929-க்கும் நடுவுல கட்டின பேடில் ஸ்டீமர்கள் ஒரு கூட்டமே இருக்கு. சிலதுல சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடும், பாத்துக்கிட்டே நிக்கலாம். பாலத்துக்கு அடியில போகும்போது புகைபோக்கியை அப்படியே மடக்கிப் படுக்க வச்சு, தாண்டினதும் நிமித்துறாங்க. பில்னிட்ஸ் அரண்மனை வரைக்கும் போனாலே போதும். கோடையில ஆத்துல தண்ணி வத்தினா பல படகு நின்னுரும். முந்தின நாளே விசாரிச்சுட்டுப் போங்க.