தீ வைத்தவருக்கு மருத்துவமனையா, ஜெயிலா?

கல்தச்சன்: இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் ராம்ப்டன் என்று ஒரு மருத்துவமனை. குற்றம் செய்து மனநோயோடு இருக்கும் பெண்களை உச்சக் காவலில் வைக்க அந்த நாட்டில் இது ஒன்றுதான். தனி அறை, ஓவிய வகுப்பு, சிகிச்சை, எல்லாம் அரசுச் செலவு. வீட்டுக்குத் தீ வைத்தவருக்கு இவ்வளவு சொகுசா? ஜெயிலில் போட்டால் என்ன?

இரவுப்பணி: சொகுசா! அதே நாட்டில், ஒரு படி குறைந்த காவலுள்ள பெண்கள் வார்டில் நான் நர்ஸ். சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன் எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் யாரும் எழுந்து போக முடியாது, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடுவோம். ஒருமுறை காலித் தயிர் டப்பாவுக்குள் கிடந்தது. அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தன்னையே கீறிக்கொள்பவர் என்றால் கழிப்பறைக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். ராத்திரி கதவுக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து மூச்சு வருகிறதா என்று பார்ப்போம். அப்படி ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள் சார்.

கல்தச்சன்: சரி, கஷ்டம்தான் சகோதரி. ஜெயிலிலும் எண்ணத்தானே செய்வார்கள்? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

இரவுப்பணி: பெரும்பாலான கைதிகளுக்கு வெளியே வரும் தேதி தெரியும். 1983 மனநலச் சட்டத்தில் 37, 41 பிரிவுகளின் கீழ், அதாவது நீதிமன்றம் ஜெயிலுக்குப் பதில் மருத்துவமனைக்கு அனுப்பி, வெளியே விடக் கட்டுப்பாடும் போட்டு வந்தவருக்குத் தேதியே கிடையாது. அரை மணி நேரம் கடைக்குப் போய்வர டாக்டர் சரி என்றாலும் நீதி அமைச்சகமும் சம்மதிக்க வேண்டும். தண்டனையாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்று எங்களிடமே சண்டை போடுவார்கள்.

ஆற்றங்கரை: இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவர்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு பெரிய மதில் தேவை? 1863-இல் பிராட்மூர் என்ற இன்னொரு உச்சக் காவல் மருத்துவமனை திறந்தபோது முதலில் சேர்க்கப்பட்டவர்களே பெண்கள்தான். அங்கே பெண்கள் பிரிவை 2007-இல்தான் மூடினார்கள். தேவைக்கு மீறிய காவல் என்ற விமரிசனம் அதற்கு முன்பே பல வருடங்களாக இருந்தது. சிலர் ராம்ப்டனுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு நடுத்தரக் காவலே போதும் என்றார்கள். அதே வருடம் மேற்கு லண்டனில் பெண்களுக்கென்றே அப்படி ஒரு பிரிவும் வந்தது.

கல்தச்சன்: அப்போ கதவைத் திறந்துவிடலாம் என்கிறீர்களா?

ஆற்றங்கரை: எங்கே சொன்னேன்? மதிலுக்குக் கொட்டும் பணத்தை ஊழியர்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். நோயாளியைத் தெரிந்த நர்ஸ் பக்கத்தில் இருந்தால் பாதிச் சண்டை தொடங்கவே தொடங்காது.

இரவுப்பணி: அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். எங்கள் வார்டில் ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு யாரையும் வெளியே நடக்கக் கூட்டிப் போக முடியாது. வாரம் முழுக்க அந்த நடைக்காகக் காத்திருந்தவரிடம் அதைப் போய்ச் சொல்வதும் நான்தான்.