பட்டை இல்லாத சுருட்டு: கண்மூடிச் சுவைத்தவர்கள் சொல்கிறார்கள்

துபாயிலிருந்து:

பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்த்த ஒரு சுற்றில், நான்காம் எண் சுருட்டுக்கு நூற்றுக்கு 78 போட்டேன். பக்கத்தில் "ஈர வைக்கோல். பாதிக்கு மேல் கசப்பு. மறுபடி வாங்க மாட்டேன்" என்று எழுதி, தாளை மடித்துக் கொடுத்தேன். சுற்று முடிந்து பட்டியலைப் பிரித்த இரவில்தான் தெரிந்தது, அது மூன்று வருடமாக நான் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கும் கியூபா சுருட்டு.

அன்றைய கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய் மறுநாள் அதே சுருட்டைப் பட்டையோடு, அதாவது பெயர் அச்சிட்ட காகித வளையத்தோடு, எடுத்துப் பற்றவைத்தேன். மரவாசனை, சுண்டக் காய்ச்சிய பால், கொஞ்சம் தேன் எல்லாம் வந்தது. இரண்டு முறையும் நான் பொய் எழுதவில்லை. நாக்கில் பட்டதைத்தான் எழுதினேன். அப்படியானால் எது நிஜம்? இந்தக் கேள்விதான் எங்களை இரண்டு குளிர்காலமாக மொட்டைமாடியில் உட்கார வைத்திருக்கிறது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கமாக வாரம் ஒன்றுக்கு மேல் நான் பிடிப்பதில்லை. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதும் இல்லை. ஆனாலும் வாய்க்கும் தொண்டைக்கும் இது கெடுதல்தான். புதிதாக யாரும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் புகைப்பதை விட்டு நான்கு வருடமாகிறது. அவர்தான் சுருட்டுகளை வாங்குகிறார், பட்டையை உரிக்கிறார், எண் எழுதிய வெள்ளைத் தாளைச் சுற்றித் தருகிறார். எது என்ன என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எல்லாமே ரோபஸ்டோ அளவு: ஐந்து அங்குல நீளம், 50 ரிங் கேஜ். அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50 பங்கு, அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான தடிமன். தடிமன் மாறினால் புகையின் சூடும் மாறிவிடும், அப்புறம் ஒப்பிட முடியாது. வாங்கியதும் கையில் தரமாட்டார். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, 65 சதவீத ஈரப்பதப் பொட்டலம் வைத்து ஒரு மாதம் கிடத்துவார். ஈரம் கூடினால் எந்தச் சுருட்டும் கசக்கும், அடிக்கடி அணையும். அந்தப் பழியை இலையின் மேல் போடக் கூடாது.

1992 முதல் வெளிவரும் சிகார் அஃபிசியனாடோ இதழும் பட்டையை நீக்கித்தான் சுவைத்து மதிப்பெண் போடுகிறது. ஆனால் ஒயின்காரர்களுக்கு உள்ள வசதி சுருட்டுக்கு இல்லை. 1976-ல் பாரிஸில் பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் பெயர் தெரியாமல் சுவைத்தபோது ஒரே நாளில் வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து முடித்துவிட்டார்கள். அவர்கள் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகலாம். இங்கே ஒன்று முடியவே ஒரு மணி நேரம். அடுத்ததை எடுக்கும்போது நாக்கு மரத்திருக்கும், நிகோட்டின் தலைக்கு ஏறியிருக்கும். அதனால் ஒரு இரவுக்கு ஒன்றுதான். எட்டுச் சுருட்டு என்றால் எட்டு வெள்ளிக்கிழமை. அன்று மதியம் மீன்குழம்பா தயிர்சாதமா, சளி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண்ணாகிறது.

முதல் சுற்றில் அந்த நண்பர் எங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். இரண்டாம் எண்ணும் ஏழாம் எண்ணும் ஒரே சுருட்டு, ஒரே பெட்டி. நான் முதலில் 91 போட்டிருந்தேன், ஐந்து வாரம் கழித்து 83. இன்னொருவர் 80, பிறகு 88. கையால் சுற்றுவது என்பதால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும், அது உண்மைதான். இருந்தாலும் எட்டு மதிப்பெண் என் கையிலேயே ஆடுகிறது என்றால், 89 வாங்கியது 91 வாங்கியதைவிட மட்டம் என்று பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எண்களை அன்றோடு விட்டோம். இப்போது மூன்று கேள்விதான்: கடைசிவரை பிடித்தாயா, மறுபடி வாங்குவாயா, என்ன விலை கொடுப்பாய்.

பெயருக்கு அடுத்தபடியாக எங்களைத் தடுமாற வைத்தது நிறம். மேலிலை கறுப்பாக இருந்தாலே எல்லாரும் "காரம்" என்று எழுதிவிடுவோம். மதுரோ என்கிற அந்தக் கருநிறம், இலையை அதிகச் சூட்டில் நெடுநாள் நொதிக்க வைப்பதால் வருவது. அது பெரும்பாலும் இனிப்பையே கொடுக்கிறது. காரம் உள்ளே இருக்கிறது: செடியின் உச்சியில் நின்று வெயிலை முழுக்க வாங்கிய லிகெரோ இலை உள்ளிலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே முக்கியம். இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தும் கண் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் இரவு விளக்கை அணைத்து, துண்டால் கண்ணையும் கட்டிக்கொண்டோம். வெளிறிய கனெக்டிகட் மேலிலை போர்த்திய ஒரு நிகராகுவாச் சுருட்டை நாலு பேருமே மதுரோ என்றோம். அதைவிட ஆச்சரியம், புகை கண்ணில் படாவிட்டால் சுருட்டு எரிகிறதா என்பதே சட்டென்று பிடிபடவில்லை. ஒருவர் அணைந்துபோனதை நாலைந்து முறை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு இதிலெல்லாம் பெரிய விஷயம் வார்த்தைகள்தான். ஆரம்பத்தில் எங்கள் குறிப்புகள் எல்லாமே லெதர், சிடார், கோக்கோ, எர்த்தி. வெளிநாட்டு விமர்சனங்களில் படித்ததை அப்படியே எழுதினோம். ஒருமுறை ஒரே சுருட்டுக்கு மூன்று பேர் "லெதர்" என்று எழுதியிருந்தோம். எந்த லெதர் என்று நண்பர் கேட்டார். ஒருவர் புதுச் செருப்புக் கடையை நினைத்திருக்கிறார், ஒருவர் அப்பாவின் பழைய மணிபர்ஸை, நான் கோயில் தவிலை. மூன்றும் மூன்று வாசனை. ஒத்துப்போன மாதிரி தெரிந்தது வெறும் சொல்தான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு விதி வைத்தார்: நீங்களே மோந்து பார்த்த பொருளின் பெயரைத்தான் எழுத வேண்டும். மூன்று வாரம் தாள்கள் பாதி காலியாகத்தான் போயின. பிறகு மெல்ல வர ஆரம்பித்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒரு டொமினிகன் சுருட்டுக்கு "பத்தாயத்தைத் திறந்து தலையை உள்ளே விட்ட மாதிரி" என்று எழுதினார். பொள்ளாச்சிக்காரர் இன்னொன்றுக்கு "கொப்பரை காயும் களம், சாயங்காலம்" என்றார். நான் ஒரு ஹோண்டுராஸ் சுருட்டுக்கு "மூக்கு வழியே விட்டால் வறுத்த மல்லி, முடிவில் சுக்கு" என்று எழுதினேன். ஒரு நாள் இரண்டு பேர், பேசிக்கொள்ளாமலே, ஒரே சுருட்டுக்குக் "கருப்பட்டிக் காப்பியின் அடிமண்டி" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு வரிக்காக அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் கொடுக்கலாம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

உறையூரிலிருந்து:

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பெரியப்பா நினைவுதான் வந்தது. பதினைந்து வயதில் சுருட்டு சுற்ற உட்கார்ந்தவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம் சுருட்டு என்ற சொல் கப்பலேறிப் போனதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிச் சுருட்டுக்கு வெளிநாட்டிலும் பெயர் இருந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனிக்குச் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது. சர்ச்சில் நம்ம ஊர்ச் சுருட்டு பிடித்தார் என்று இங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது சுற்றுகிற கைகள் கொஞ்சம்தான் மிச்சம்.

போன பொங்கல் லீவில் நாங்கள் மூன்று பேரும் பெரியப்பாவும் உட்கார்ந்தோம். நாலு இடத்தில் வாங்கிய சுருட்டு. எல்லாமே நேராக, இரண்டு முனையும் வெட்டியவை. கட்டைப் பிரித்துக் கலந்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தம்பி மட்டும் அடியில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். நாங்கள் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நெடி, காரம், சாம்பல் என்று எழுதிக்கொண்டிருந்தோம். பெரியப்பா எழுதவில்லை. பற்றவைக்கும் முன்பே ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து இரண்டு விரலால் உருட்டினார்.

இரண்டாவதை உருட்டிவிட்டு, "இது இறுக்கிப் பிடிக்கிற கை. பாதிக்கு வந்தா அடைச்சுக்கும் பாரு" என்றார். பாதிக்கு வந்ததும் அடைத்துக்கொண்டது. மூன்றாவதைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்து சுற்றிய ஒரு அம்மாவைச் சொன்னார். "அவங்க கைதான். உள் இலையை மடிக்க மாட்டாங்க, நீட்டித்தான் அடுக்குவாங்க. அதான் புகை தடையில்லாம வருது." மறுநாள் நான் வாங்கிய கடையில் போய் விசாரித்தேன். அந்த அம்மா சுற்றியதேதான்.

நாலில் மூன்று கைகளைச் சரியாகச் சொன்னார். இலை எங்கே விளைந்தது என்பதில் மட்டும் ஒன்றுக்குத்தான் விடை சரி. நாம் எல்லாரும் இலையையே தேடுகிறோம், எந்த மண், எந்த ரகம் என்று. சுற்றிய ஆளைத் தேடி நான் ஒரு சுருட்டைக்கூட அதுவரை பிடித்ததில்லை. விமர்சனத்தில் ஊர் பெயர் போடுகிறவர்கள் சுற்றியவரின் கையைப் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

டொராண்டோவிலிருந்து:

இங்கே எங்களுக்குப் பட்டையை உரிக்கிற வேலை பாதி குறைந்துவிட்டது. 2019 நவம்பரில் கனடாவில் வெற்றுப் பொதிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாச் சுருட்டிலும் ஒரே மங்கிய பழுப்புப் பட்டைதான், பெயர் சாதாரண எழுத்தில். தங்க நிறமும் முத்திரையும் போனால் ஆட்கள் நாக்கை நம்புவார்கள் என்று எண்ணினேன். இல்லை. பெயர் ஒன்றே போதுமாக இருக்கிறது.

நாங்கள் செய்வது முக்கோணச் சோதனை. மூன்று சுருட்டு, அதில் இரண்டு ஒரே ரகம், மற்றது வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்ற கதையே இல்லை. மூன்றையும் கொளுத்தி மாறி மாறி ஐந்தாறு இழுவை, நடுவில் சோடாத் தண்ணீர். ஒன்றும் தெரியாதவன் குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஒன்பது தடவையில் சராசரியாக மூன்று சரியாக வரும். முதல் குளிர்காலம் எனக்கு ஒன்பதில் நான்கு. பதினைந்து வருடம் பிடிக்கிற ஆளுக்கு நான்கு! அடுத்த குளிர்காலம் ஏழு. இடையில் பழகியது ஒன்றே ஒன்று: புகையை வாயோடு விடாமல் கொஞ்சத்தை மூக்கு வழியே மெல்ல விடுவது. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று சிலதைத்தான் சொல்லும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

துபாய் நண்பர் வார்த்தைகளைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன். ஒரு இரவு கராஜுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். எண் மூன்றை மூக்கு வழியே விட்டதும் எனக்கு என் அப்புவின் சால்வை மணந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டும் வேப்பெண்ணெயும் வியர்வையும் கலந்த மணம். தாளில் "அப்புவின் சால்வை" என்று மட்டும் எழுதினேன். பிரித்தால் அது நிகராகுவாவின் எஸ்தெலி பகுதி இலை. என்னோடு இருந்தவர்களில் ஒருவர் கியூபாவில் பிறந்தவர். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். அவர் தன் தாளைக் காட்டினார். தன் பாட்டனார் வீட்டுக் கதிரையை (நாற்காலியை)ப் பற்றி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அன்று யாரும் அதிகம் கதைக்கவில்லை.

துபாயிலிருந்து, பட்டை உரிப்பவர்:

என்னைப் பற்றி எழுதியிருப்பதால் நானும் கொஞ்சம். பல் மருத்துவர் ஈறைக் காட்டி எச்சரித்த பிறகு விட்டேன், வருத்தமில்லை. பச்சைச் சுருட்டை மோந்து பார்ப்பதோடு சரி.

பட்டை உரிக்க அவசரப்படாதீர்கள். நல்ல சுருட்டில் பசை பட்டையின் நுனியில் மட்டும்தான் இருக்கும். விரல் நுனியை லேசாக ஈரமாக்கி அந்த ஓரத்தைத் தொட்டுக் காத்திருந்தால் தானாக விடும். பசை இலையில் பட்டிருந்தால் மேலிலை கிழியும். கிழிந்ததை நான் சுற்றில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்து அடையாளம் கண்டுவிடுவார்கள்.

ஒரு தடவை தெரிந்தவர் ஒருவர் வெளியூரில் மலிவாகக் கிடைத்தது என்று கோஹிபா ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். மூடி கண்ணாடி. பார்த்ததுமே போலி என்று தெரிந்தது, கியூபாவின் கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டேன். அதில் ஒன்றை இரண்டாம் சுற்றில் ஆறாம் எண்ணாக வைக்கலாமா என்று ரொம்ப யோசித்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததை நண்பர்கள் வாயில் வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் கத்தியால் பிளந்து பார்த்தேன். நீள இலையே இல்லை, துண்டும் துகளும்தான். மொத்தப் பெட்டியையும் குப்பையில் போட்டேன்.

துபாயிலிருந்து, மறுபடி:

உறையூர்க்காரரே, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அந்த அம்மா சுற்றியதில் ஒரு கட்டும், இறுக்கிப் பிடிக்கிற கைக்காரரிடம் ஒரு கட்டும் வாங்கி வைக்க முடியுமா? அடுத்த சுற்றில் இலை ஒன்றாகவே இருக்கட்டும், கை மட்டும் மாறட்டும். பெரியப்பா சம்மதித்தால் காதோரம் உருட்டிப் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முழு மதியம் ஒதுக்கி வருகிறேன்.