கோர்பச்சேவா, கர்பச்சோஃபா? புள்ளி வைத்த ரஷ்ய எழுத்து பற்றி ஒரு சந்தேகம்

தாமிரபரணி:
அப்பாவின் அலமாரியில் இருந்த பழைய சோவியத் புத்தகங்களைத் தூசி தட்டியதில் ஆசை வந்து, மூன்று மாதமாக ரஷ்யன் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்து பேப்பரில் பார்த்த பெயர் கோர்பச்சேவ். நேற்று ஒரு ரஷ்யக் காணொளியில் பேசியவர் தெளிவாக 'கர்பச்சோஃப்' என்றார். திரையில் எழுதியிருந்ததோ 'யே' என்ற எழுத்துதான். என் பாடப் புத்தகத்தில் மட்டும் அந்த யேயின் தலைமேல் இரண்டு புள்ளி. அது 'யோ' என்ற தனி எழுத்தாம். தனி எழுத்து என்றால் வெளியே ஏன் கண்ணிலேயே படவில்லை?

வோல்கா வாசகி:
தம்பி, காணொளியில் கேட்டதுதான் சரி. அழுத்தம் இல்லாத ஓ, அ மாதிரி ஒலிக்கும். கடைசி வ், ஃப் ஆகும். நடுவில் இருப்பது யோ, 'ச்ச'வுக்குப் பின்னால் வருவதால் ஓ என்று கேட்கிறது. குருஷேவும் அப்படித்தான், அவர்கள் வாயில் 'ஹ்ருஷ்ஷோஃப்'. ரஷ்யர்கள் புள்ளியை விட்டு அச்சடித்தார்கள், ஆங்கிலக்காரர்கள் கண்ணில் பட்டபடி எழுதினார்கள், நமக்கு அது வழியாக வந்து சேர்ந்தது.

33 எழுத்தில் யோ ஏழாவது. வயதில் ரொம்பச் சின்னது. 1783 நவம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில், ரஷ்ய அகாதமிக்குத் தலைவியாக இருந்த இளவரசி தாஷ்கவா வீட்டில் அறிஞர்கள் கூடியிருந்தார்கள். கவிஞர் திர்ஷாவின், நாடகாசிரியர் ஃபன்வீஸின் எல்லாரும் இருந்தார்கள். ஊசியிலை மரத்துக்கு 'யோல்கா' என்று பெயர். அதை அப்போது இ, ஓ என இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். ஒரே ஒலிக்கு எதற்கு இரண்டு எழுத்து என்று அந்த அம்மா கேட்டதாகத்தான் வரலாறு சொல்கிறார்கள். 1795இல் கவிஞர் திமீத்ரியெவின் புத்தகத்தில் புள்ளியோடு முதலில் அச்சேறிய சொல் 'வ்ஸ்யோ'. 'எல்லாம்' என்று பொருள். அடுத்த ஆண்டு எழுத்தாளர் கரம்ஸின் பயன்படுத்தியதால், இந்த எழுத்தை உருவாக்கியவர் என்ற பெயர் அவருக்குப் போய்விட்டது. அவருடைய சிம்பீர்ஸ்க் மண்ணில், இன்றைய உல்யானவ்ஸ்க் நகரில், 2005இல் இந்த எழுத்துக்கே நினைவுக்கல் வைத்தார்கள்.

ஆனால் 'யோ' என்பது தெருப்பேச்சு, தேவாலயத்தில் வாசிக்கிற 'யே'தான் கௌரவம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் நினைத்தார்கள். வேகமாக எழுதுகிறவருக்குப் பேனாவைத் தூக்கிப் புள்ளி வைப்பதும் தொல்லை. 1942 டிசம்பரில் பள்ளிகளில் கட்டாயம் என்று உத்தரவு வந்தது, நிலைக்கவில்லை. 1956 விதிப்படி பொருள் குழம்பும் இடத்திலும், குழந்தைகள் புத்தகத்திலும், பாடநூலிலும் வைத்தால் போதும். அதனால்தான் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, வெளியே காணோம்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. புள்ளி இல்லாவிட்டால் 'எல்லாம்' என்பதும் 'எல்லாரும்' என்பதும் எழுத்தில் ஒன்றுதான். 'கொஞ்சம் இளைப்பாறுவோம்' என்பதும் 'கூண்டோடு செத்துப்போவோம்' என்பதும்கூட ஒன்றுதான்!

செஸ் பைத்தியம்:
உலக சாம்பியன் அலேஹின் (1927இல் காப்பபிளாங்காவை வீழ்த்தியவர்) விஷயத்தில் இது தலைகீழ். ரஷ்யர்களே பலர் 'அல்யோஹின்' என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது, என் பெயரில் 'யே'தான் என்று திருத்துவாராம். ஆக, புள்ளி இல்லாத இடத்திலெல்லாம் யோ என்று ஊகிக்கவும் முடியாது.

ஓலைக்கட்டு:
நமக்கு இது புதிதா என்ன? எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் படித்தார்கள்.

தாமிரபரணி:
அக்கா, அவர்களுக்குப் பழகிய மொழி, தடுமாற மாட்டார்கள். நிஜமாகவே இதனால் யாருக்காவது கஷ்டம் வந்திருக்கிறதா?

வோல்கா வாசகி:
வந்திருக்கிறது. நான் சான்றிதழ்கள் மொழிபெயர்க்கிறவள். நம்மூர்க்காரரை மணந்த ஒரு ரஷ்யப் பெண் மகளின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். அதில் தாயின் குடும்பப் பெயர் 'ஸிம்யோனவா', புள்ளி வைத்து. அவருடைய திருமணச் சான்றிதழில் புள்ளி இல்லை. இரண்டும் வேறு வேறு ஆள் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இரண்டும் ஒரே பெயர்தான், ரஷ்ய எழுத்து வழக்கில் புள்ளியை விட்டு எழுதுவது உண்டு என்று மொழிபெயர்ப்பின் அடியில் நான் அரைப் பக்கம் குறிப்பு எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் படிக்கும்போது யோ வருமிடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள். யோ இருந்தால் சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் அங்கேதான், அதனால் உச்சரிப்பும் சேர்ந்து வந்துவிடும். சந்தேகம் வந்தால் அகராதி பாருங்கள். ரஷ்ய விசைப்பலகையில் இதைத் தேட வேண்டாம்: இடது மேல் மூலையில், எஸ்கேப்புக்குக் கீழே, 1க்குப் பக்கத்தில் இருக்கும்.