புதுப்பிப்பு: டெஸ்டிங்கிலிருந்து ஸ்க்ரம் மாஸ்டர்

டெஸ்டிங் வேலையில் இருந்த நான், முன் அனுபவம் இல்லாமல் ஸ்க்ரம் மாஸ்டர் (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் டீமுக்கு வழிகாட்டுபவர்) ஆக முடியுமா என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். சான்றிதழை மட்டும் நம்பாதீங்க, இப்போ இருக்கிற டீமிலேயே ஆரம்பிங்க என்று பலர் சொன்னீர்கள். சொன்னது சரி.

பிஎஸ்எம் 1 என்ற ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் தேர்வை எழுதினேன். 60 நிமிஷத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். பாஸானேன், ஆனால் வெளியே ஒரு இன்டர்வியூகூட வரவில்லை.

எங்கள் டீமில் டெய்லி ஸ்க்ரம், அதாவது தினமும் நடக்கும் சின்ன மீட்டிங், 40 நிமிஷம் இழுக்கும். எல்லாரும் மேனேஜரைப் பார்த்து ஒப்பிப்பார்கள். இரண்டு வாரம் நான் நடத்துகிறேன் என்று அவரிடம் கேட்டேன். "நேற்று என்ன செய்தாய்" என்பதை விட்டோம். (நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்று வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகள் 2020 ஸ்க்ரம் கையேட்டிலேயே கிடையாது.) ஸ்பிரின்ட் (ஒரு வேலைச் சுற்று) இலக்குக்கு இன்று எது தடை என்று மட்டும் பேசினோம். 15 நிமிஷத்தில் முடிந்தது. நாலாவது நாள், வாயே திறக்காத ஜூனியர் பையன், "மூணு நாளா டெஸ்ட் சர்வர் கிடைக்கலைண்ணா" என்றான். மூணு நாள்! அன்று மதியமே சரிசெய்துவிட்டோம். இந்த வேலைதான் எனக்கு என்று அப்போது உறுதியானது.

போன மாதம் அதே கம்பெனியில் வேறு டீமுக்கு ஸ்க்ரம் மாஸ்டராக மாற்றிவிட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, பரவாயில்லை. ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என்று பேசும் மீட்டிங்) எல்லாரையும் பேச வைப்பதுதான் இன்னும் கைவரவில்லை. நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.